கெட்டியாக ஒரு பினா கொலாடா

அந்த அடுக்குமாடி முழுக்க அவருக்குப் பார்க்காரர் என்றுதான் பெயர். ஒரு பெரிய ஹோட்டலின் பாரில் முப்பத்தொரு வருஷம் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கலக்கிக் கொடுத்தவர். தான் குடித்ததில்லை. ருசி பார்க்க ஸ்ட்ராவின் நுனியில் ஒரு சொட்டை எடுத்து நாக்கில் வைப்பார், உடனே திரும்பி வாய் கொப்பளித்துவிடுவார், அவ்வளவுதான். இதை யாரும் நம்புவதில்லை. மாடிப்படியில் அவர் கொஞ்சம் தடுமாறினால் போதும், எதிரில் வருகிறவர் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிடுவார். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அந்தச் சிரிப்பு ஓய்வு பெறவில்லை.

அவர் அதிகம் பேசாதவர். மனைவி அதற்கு நேர்மாறு. பஸ் நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள். கம்பிக்குப் பின்னாலிருந்தபடியே ஒரு முழு வரிசையை அடக்கி வைக்கிற வாய். "முறைக்கிறதா இருந்தா தள்ளி நின்னு முறைங்க, பின்னால ஆள் நிக்குது" என்பாள். வீட்டிலும் அதே கவுண்டர்தான். அவர் வேலை முடிந்து வந்தால் நேராக பால்கனிக்குப் போய் வாஷிங் மெஷினில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கூடத்துக்குள் கால் வைக்க வேண்டும். மதுவின் வாடை வீட்டுக்குள் வரக்கூடாது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பாட்டில்கூட அந்த வாசலைத் தாண்டியதில்லை.

அந்த வாய்தான் முதலில் போயிற்று. போன வருஷக் கடைசியில் பேச்சு குழறியது. தெரிந்தவர்கள் எல்லோரும் அவள் பல் செட்டைக் குறை சொன்னார்கள். பிறகு குரல் மெலிந்து, தேய்ந்து, ஒரு நாள் சுத்தமாக நின்றது. நரம்பில் வருகிற நோய் என்றார் டாக்டர். கை கால்களுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, நாக்கையும் தொண்டையையும்தான் பிடித்திருக்கிறது, குணமாகாது, மெதுவாகத்தான் போகும் என்றார். அவள் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் வாங்கிக்கொண்டு எழுத்தில் அதிகாரம் செய்ய ஆரம்பித்தாள். எழுத்தில் இன்னும் மோசம். அடிக்கோடு வேறு போடுவாள்.

பேச்சு போனதைக்கூட இருவரும் ஒரு மாதிரி சமாளித்துக்கொண்டார்கள். சாப்பாடுதான் பயமாக இருந்தது. ஒரு காலை தண்ணீர் குடித்தவள் மூச்சடைத்து நீலம் பூத்துப் போனாள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வாரம் ஒரு முறை வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். விழுங்கச் சொல்லிக் கொடுக்கிற பெண். மகள் வயதுதான் இருக்கும். வந்த முதல் நாளே எதையும் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள்.

"தண்ணியா இருக்கிறது எதுவும் அம்மாவுக்கு வேண்டாம் சார். வழுக்கிட்டுத் தப்பான பக்கம், நுரையீரலுக்குப் போயிரும். கெட்டியா இருந்தா தொண்டைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். நுரையீரல் சுத்தமா இருக்கிற வரைக்கும் அம்மா வாயால சாப்பிடலாம். இன்னும் ஒரு வருஷம்கூட சாப்பிடலாம். ஆனா ஒரு தடவை நெஞ்சுல சளி கட்டிருச்சுன்னா அதோட சரி. வயித்துல குழாய்தான்."

பிறகு ஒரு டப்பாவை எடுத்தாள். உள்ளே வெள்ளைப் பவுடர். எந்தத் திரவத்திலும் போட்டுக் கலக்கினால் கெட்டியாகிவிடும். கலக்கியதை ஒரு முள்கரண்டியில் அள்ளிப் பிடிக்க வேண்டும். பற்களுக்கு நடுவே ஒழுகாமல் மேலே குவிந்து நின்றால் சரி, ஒழுகினால் தப்பு. பார்க்காரர் பரீட்சையே எழுதவில்லை, எடுத்தவுடன் பாஸ். முதல் கலக்கலிலேயே கரண்டிமேல் அழகாகக் குவிந்து நின்றது. ஆயுள் முழுக்கத் திரவத்தின் கனத்தை மணிக்கட்டில் எடை போட்டவரல்லவா.

"சார், நான் நாலு வருஷம் படிச்சேன் இதுக்கு" என்று அந்தப் பெண் சிரித்தாள். குறிப்புகள் அச்சடித்த தாளை அவரிடம் நீட்டியபோதுகூட, "உங்களுக்கு இது தேவையே இல்ல, இருந்தாலும் வச்சுக்கோங்க" என்றாள். பார்க்காரர் அதை நான்காக மடித்து மருந்து டப்பாவுக்கு அடியில் வைத்தார். பாராட்டு கிடைத்துவிட்ட மனுஷன் தாளைப் படிப்பானா?

பவுடரில் ஒரே ஒரு கஷ்டம் இருந்தது. எதில் போட்டாலும் அது பவுடராகவே இருந்தது. ஆரஞ்சுச் சாறும் காப்பியும் சூப்பும் ஒரே மாதிரி வழவழவென்று, சுவரொட்டி ஒட்டுகிற பதத்தில் வாயில் அப்பிக்கொள்ளும். முதல் வாரம் அவள் துப்பினாள். பலகையில் 'பசை' என்று எழுதி இரண்டு அடிக்கோடு போட்டாள். அப்புறம் துப்பவில்லை. கொடுத்ததைப் பேசாமல் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்தப் பெண் சொன்னபடி இரண்டு முறை விழுங்கி, அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்தாள். அந்தப் பேசாமல் வாங்கிக்கொள்வதுதான் பார்க்காரரைக் கொன்றது. சோற்றில் ஒரு கல் உப்பு கூடினால் தட்டைத் தள்ளுகிறவள், பசையை வாய் திறந்து வாங்கிக்கொள்கிறாளே. இவள் மனசு விட்டுவிட்டாள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அவளிடம் கேட்கவில்லை.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சனிக்கிழமை காலை அவள் பலகையில் எழுதிக் காட்டினாள்.

'எனக்கு ஒத்துக்காதுன்னு சொன்னீங்களே, அது வேணும்.'

அவருக்குப் புரியவில்லை. அவள் துடைத்துவிட்டுப் படம் போட்டாள். உயரமான கண்ணாடி டம்ளர், ஓரத்தில் செருகிய அன்னாசித் துண்டு. அதன் பக்கத்தில், வேண்டுமென்றே, பெரிய தொப்பி போட்ட ஒரு பெண்.

அப்போது விளங்கியது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஊழியர்களின் குடும்பங்களை ஹோட்டலுக்கு அழைத்திருந்த ஒரு நாள். இவள் பாரின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீச்சல் குளத்திலிருந்து வந்த ஒரு தொப்பிக்காரிக்கு அவர் வெள்ளை வெளேரென்று ஒன்றைக் கலக்கிக் கொடுத்தார், கொடுக்கும்போது சிரித்தார். இவள் என்ன அது என்று கேட்டாள். அன்று கூட்டம் தலைக்கு மேல். "பினா கொலாடா. உனக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆர்டருக்குத் திரும்பிவிட்டார். அவர் அதை அந்த நிமிஷமே மறந்துவிட்டார். அவள் பதினைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"அதுல ரம் இருக்குடி" என்றார்.

'தெரியும். முட்டாளா நான்?'

அடிக்கோடு இருந்தது. பார்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு அந்தக் கோடு. விழுங்கச் சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்கு அப்போதே போன் போட்டு, நாளைக்குக் கொஞ்சம் ரம் சேர்த்து ஏதாவது கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் டாக்டரைக் கேட்டு மத்தியானம் திருப்பிக் கூப்பிட்டாள். "ஒரு ஸ்பூன் ரம் போனா தப்பில்லையாம் சார். கெட்டியா மட்டும் இருக்கணும், உங்களுக்குத் தெரியாததா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கை வருகிற நாள். வந்து அக்காவுக்குத் தலைசீவி விடுவாள், படுக்கை விரிப்பை மாற்றுவாள், அத்தானின் சமையலறையைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். அன்று வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மேடையில் ரம் பாட்டில்.

"இந்த வீட்லயா?" என்றாள்.

"உங்கக்கா உத்தரவு."

பார்க்காரர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். யாரும் போடச் சொல்லவில்லை. முதல் நாளே தேங்காய் துருவி, தண்ணீர் விடாமல் பிழிந்து, பாலை ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். மேலே உறைந்து நின்ற கட்டிப் பாலை மட்டும் ஸ்பூனால் வழித்தெடுத்தார். நன்றாகப் பழுத்த அன்னாசியில் கண் ஒன்றுகூட இல்லாமல் சீவி, நடுத்தண்டை எறிந்துவிட்டு, சதையை அரைத்து, நார் தொண்டையில் சிக்கக்கூடாதென்று இரண்டு முறை வடிகட்டினார். சாற்றோடு சர்க்கரை, அரை எலுமிச்சை, ஒரு ஸ்பூன் ரம். அளக்கும் கிண்ணத்தை எடுத்தவர் கீழே வைத்துவிட்டுக் கைப்பழக்கத்திலேயே ஊற்றினார். கை இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் நின்றது ஒரு கேள்விதான், பவுடர். இதில் அந்தப் பவுடரைப் போட்டால் இதுவும் பசை. பதினைந்து வருஷம் கேட்காமல் இருந்து ஒன்றைக் கேட்டிருக்கிறாள், அதையும் பசையாக்கிக் கொடுப்பதா? ராத்திரி முழுக்க யோசித்து அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, பாரில் முப்பத்தொரு வருஷமும் செய்ததுதான். ஐஸ். ஐஸ் கட்டிகளைத் துண்டில் கட்டி உலக்கையால் பொடித்து, கூடவே போட்டு மிக்ஸியில் சுற்றினால் பினா கொலாடா தானாகக் கெட்டிப்படும். பதம் தெரிந்தவன் கையில் ஸ்பூன் செங்குத்தாக நிற்கும்.

மிக்ஸி நின்றபோது ஜாடியில் மழமழவென்று வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. முள்கரண்டியில் அள்ளினார். குவிந்து நின்றது. பற்களுக்கு நடுவே ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"பவுடர் போடலையா அத்தான்?" என்றாள் தங்கை.

"பாரு" என்று கரண்டியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஒழுகுதா?"

"ஒழுகலை."

"அப்புறம் எதுக்கு பவுடர்?"

அவ்வளவு கர்வமாக அவர் யாரிடமும் பேசி அவள் பார்த்ததில்லை. அத்தானுக்குத் தெரியாத பதமா என்று விட்டுவிட்டாள்.

உயரமான டம்ளரில் ஊற்றி, ஓரத்தில் அன்னாசித் துண்டைச் செருகி, தட்டில் வைத்துக் கொண்டுபோனார். மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டைப் பார்த்தாள், வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். முதல் ஸ்பூனை அவர் ஊட்டினார். தலையைக் குனிந்து, கண்ணை மூடி, விழுங்கினாள். இருமவில்லை. மறுபடி விழுங்கினாள். கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் இருந்ததை அவர் நிறையப் பேர் முகத்தில் பார்த்திருக்கிறார், பாருக்கு மறுபக்கத்தில் இருப்பவர்களின் முகத்தில். அவள் முகத்தில் பார்த்ததில்லை. ஸ்பூனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவளே சாப்பிட்டாள். ஒரு ஸ்பூனுக்குக்கூட இருமல் இல்லை. வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்து, ருசியை உருட்டி உருட்டி, பிறகுதான் விழுங்கினாள். டம்ளர் காலியாகப் பத்து நிமிஷமாயிற்று.

'தொப்பிக்காரி கொடுத்து வச்சவ' என்று எழுதினாள்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் பார்க்காரர் மிக்ஸி ஜாடியைக் கழுவும்போது, கட்டையாக ஒரு பாட்டை முனகிக்கொண்டே கழுவினார். இப்படி வாரம் ஒன்று செய்து கொடுத்தால் என்ன என்றுகூட யோசித்தார். மாம்பழத்தில் செய்யலாம், வாழைப்பழத்தில் செய்யலாம்.

திங்கட்கிழமை அவள் கொஞ்சம் சோர்ந்திருந்தாள். செவ்வாய் காலை உடம்பு கொதித்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் கொரகொரவென்று கேட்டது. ஆம்புலன்ஸில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனார், கை அனலாகச் சுட்டது. எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர், வலது நுரையீரலின் அடிப்பாகம் முழுக்க வெளுத்திருப்பதைப் பேனாவால் சுற்றிக் காட்டினார்.

"ஏதோ உள்ள போயிருக்கு. ஒண்ணு ரெண்டு சொட்டு இல்ல, நிறைய. இருமினாங்களா?"

"ஒரு தடவைகூட இருமலை டாக்டர்."

"இந்த நோய்ல தொண்டைக்கு உணர்வு மங்கிரும். உள்ள போறதே தெரியாது. தண்ணியா ஏதாவது கொடுத்தீங்களா?"

"இல்ல" என்றார் பார்க்காரர். அவரைப் பொறுத்தவரை அது பொய் இல்லை.

விழுங்கச் சொல்லிக் கொடுக்கிற பெண் மத்தியானம் வார்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். பினா கொலாடாவுக்கு வந்தபோது அதைச் செய்த விதத்தையும் சொன்னார். அந்த நிலையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பொடித்த ஐஸ் என்றதும் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள்.

"பவுடர் இல்லாம, ஐஸ்லயே கெட்டி பண்ணீங்களா?"

"கரண்டியில நின்னுச்சும்மா. ஒரு சொட்டு ஒழுகலை. நீ வேணா அவ தங்கச்சியக் கேளு."

"கரண்டியில நிக்கும் சார். கரண்டியில அது சில்லுனுதானே இருக்கு." கையிலிருந்த பேனாவை மூடினாள். "வாய்க்குள்ள போனதும் உருகிரும்ல சார். உருகினா தண்ணிதானே. ஐஸ் வேண்டாம், ஐஸ்கிரீம்கூட வேண்டாம்னு அந்தப் பேப்பர்ல இருந்துச்சே."

பார்க்காரருக்கு ஐஸ் உருகும் என்று தெரியாமலா? மூன்று நிமிஷத்துக்கு மேல் பாரில் எடுக்கப்படாமல் நின்ற பினா கொலாடாவைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்து கொடுத்தவர் அவர். புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லுவார், இது கொண்டுபோய்க் கொடுக்கிற வரைக்கும்தான் கெட்டி, அப்புறம் வாடிக்கையாளர் பாடு என்று. அப்புறம் நடப்பதைப் பற்றி முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் அவர் கவலைப்பட வேண்டி வந்ததில்லை. அவள் வாயில் வைத்து ருசித்து ருசித்து உருட்டியது நினைவுக்கு வந்தது.

துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனபோது மருந்து டப்பாவைத் தூக்கித் தாளைப் பிரித்தார். ஒன்பதாவது வரியில் இருந்தது. 'வாயில் உருகுபவை கூடாது.' சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதை எத்தனை முறை படித்தார் என்று தெரியாது. திட்டக்கூட வீட்டில் ஆள் இல்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டாவது நாள் காய்ச்சல் விட்டது. அதற்குள் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் பொருத்திவிட்டார்கள். இனிமேல் வாய் வழியாக எதுவும் கிடையாது, ஒரு ஸ்பூன் பழக்கூழ்கூட இல்லை, நுரையீரல் இன்னொரு அடியைத் தாங்காது என்று டாக்டர் முடித்துவிட்டார். நர்ஸ் ஒரு பெரிய ஊசிக்குழலில் பழுப்பு நிறத்தில் எதையோ ஏற்றி, குழாயில் செருகி, மெல்ல அழுத்துவாள். மனைவி அப்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளிடம் யாரும் காரணம் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது 'உள்ளே ஏதோ போய்விட்டது' என்பதோடு நின்றது. தங்கை வராந்தாவில் அத்தானை ஓரமாக இழுத்துச் சொன்னாள்.

"சொல்லாதீங்க அத்தான். சொல்லி என்ன ஆகப்போகுது? நோய் முத்திருச்சுன்னு நினைச்சுக்கட்டும். நானும் பக்கத்துலதானே நின்னேன், எனக்கும்தான் தோணலை."

அவருக்கு அது ஒரு வழியாகத்தான் பட்டது. நான்கு நாள் சொல்லாமல் இருந்தார். ஐந்தாம் நாள் காலை நர்ஸ் ஊசிக்குழலோடு வந்தபோது மனைவி கையை நீட்டித் தடுத்தாள். பலகையை எடுத்து எழுதினாள்.

'மெதுவாத்தான் போகும்னு டாக்டர் சொன்னார். இது வேகமாப் போகுது. இன்னும் கொஞ்ச நாள்தான் போல. இந்தக் குழாய் எனக்கு வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.'

அடிக்கோடு இல்லை. நர்ஸ் அவரைப் பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவள் வராத சாவை வந்துவிட்டதென்று நம்பிப் பட்டினி கிடப்பாள். திறந்தால் அவர் மிச்சம் இருக்கிற காலத்துக்கும் இவள் முகத்தில் குற்றவாளியாக விழிக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நோய் வேகமாப் போகலை" என்றார். "அது அப்படியேதான் இருக்கு. நான்தான்."

அவள் பார்த்தாள்.

"அன்னைக்குக் கொடுத்தேன்ல, அது. ஐஸ் போட்டுக் கெட்டி பண்ணேன். வாயில உருகித் தண்ணியா உள்ள போயிருச்சு. பேப்பர்ல போட்டிருந்துச்சு, நான் படிக்கலை. இல்லைன்னா நீ இன்னும் ஒரு வருஷம்கூட வாயால சாப்பிட்டிருப்பே." நிறுத்தாமல் சொன்னார். "பவுடர் போட்டா அதுவும் பசையாயிருமேன்னு போடலை. அத ஒண்ணாவது நீ பசை இல்லாம சாப்பிடணும்னு நெனைச்சேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

திட்டுவாள் என்று அவர் தலையைக் குனிந்து காத்துக்கொண்டிருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு யாரோ உணவு டப்பாவைத் திறந்தார்கள், சூடான சோற்றின் வாசனை வார்டு முழுக்கப் பரவியது. அவள் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுப் பலகையைத் துடைத்தாள். நிதானமாக எழுதி, அவர் பக்கம் திருப்பினாள்.

'பவுடர் எனக்குப் பழகிப் போயிருந்துச்சு. பசியோட சாப்பிட அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.'